ஓடத் தெரியுமோ

கொக்குவிலில், ஒழுங்கை முடிவில்,
முருங்கைப்பூ உதிர்ந்து நின்றது கார்.
"ஓடத் தெரியுமோ?" என்றார் ரூபகாந்தன்.
எங்கள் பக்கம் கார்தான் ஓடும்,
ஆள் ஓட்டுவான்.
இங்கே ஆளே ஓடுகிறான்.
"பதினேழு வருஷம்," என்றேன்,
"திருச்சி ஜங்ஷன் ஸ்டாண்ட்."
"அப்ப லீவிலையும் ஸ்டியரிங்தானோ?"

ஏலச்சீட்டு விழுந்த பணம்.
பாதியில் அவளுக்கு வளையல்,
பாதியில் எனக்கு விமானம்.
பின் சீட்டில் சாய்ந்து ஊர் பார்க்க
எனக்கு வராது. முதுகு கூசும்.

பாஸ்போர்ட்டைப் படமெடுத்தார்.
அனுமதித்தாளை இருமுறை படித்தார்.
கதவுக் கீறலைக் காட்டி
"இது பழசு, உங்கடை கணக்கில்லை."
"பெற்றோலிலை மட்டும் ஓடுங்கோ," சிரித்தார்,
"நாங்கள் ஒருகாலம் மண்ணெண்ணெயிலை ஓடின ஆக்கள்."

சாவி திருப்பியதும் ஒரு பெண் குரல்
மிக மரியாதையாக ஏதோ சொன்னது.
"ஜப்பான் பாஷை. ஆறு வருஷமா
ஒவ்வொரு விடியவும் சொல்லுது.
என்னெண்டு ஒருத்தருக்கும் தெரியாது.
ஓமெண்டிட்டு வெளிக்கிடுறதுதான்."

இடப்பக்கம்தான் இங்கும். கை தானாகப் போனது.
ரூபாய்தான் இங்கும். ஆனால் வேறு ரூபாய்.
ஹாரன் அடித்தேன்,
தட்டாதெருச் சந்தியே திரும்பிப் பார்த்தது.
சைக்கிள்காரர் காலை ஊன்றி நின்று கேட்டார்:
"என்ன, அவசரமோ?"
இல்லை, என்றேன்.
சொன்ன பிறகுதான் தெரிந்தது,
அந்தச் சொல்லை நான் ரோட்டில் சொன்னதே இல்லை.

கண் மட்டும் கேட்கவில்லை.
நிமிஷத்துக்கு ஒருமுறை கண்ணாடிக்குப் போய்
பின் சீட்டைப் பார்த்துவிட்டு வந்தது.
யாருமில்லை.
ஏசியைக் கூட்டச் சொல்ல,
போனில் யாரிடமோ அழ,
இறங்கும்போது சில்லறை இல்லை என்று சொல்ல
யாருமில்லை.

பண்ணையைத் தாண்டினால் இருபுறமும்
முழங்கால் ஆழக் கடல்.
இறால்கூட்டுக் கம்புகளில் கம்புக்கொரு பறவை.
பின்னால் வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கிக் கொடுத்தேன்.
அப்புறம் காற்றுக்கும்.

குறிகாட்டுவானில் ரோடு முடிந்தது.
இறங்கி, கைகட்டி, கடலைப் பார்த்தேன்.
டூரிஸ்ட் அப்படித்தான் நிற்பான் என்று நினைவு.

நெடுந்தீவுப் படகு வந்தது. பஸ் போயிருந்தது.
மாவுக்கட்டுப் போட்ட பையனும் தாயும்
நேரே என்னிடம் வந்தார்கள்.
அத்தனை பேர் நிற்க, என்னிடம்.
"ஹயர் போகுமோ அண்ணை? அரியாலைக்கு."

போகாது என்று சொல்லத்தான் வாய் திறந்தேன்.
கை பின்கதவைத் திறந்துவிட்டது.

பையன் பெயர் நிதுர்ஷன். புளியமரம், வலது கை.
நாளைக்குப் பெரியாஸ்பத்திரியில் கட்டு அவிழ்க்க வேணும்,
இரவைக்குச் சித்தி வீடு.
"எப்படா விழுந்த?" என்றேன்.
"அம்மா, இவர் படத்திலை கதைக்கிற மாதிரிக் கதைக்கிறார்!
இன்னொருக்காச் சொல்லுங்கோ."
"என்னத்த?"
"அதுதான்! அதுதான்!"
வேலணை வரை சிரித்தான்,
பிறகு கட்டுக் கையைத் தலையணையாக்கித் தூங்கினான்.
கண்ணாடி நிறைந்திருந்தது.
எனக்குப் பசித்தது.

"சோத்துக்கைப் பக்கம் திருப்புங்கோ.
அங்காலை. மதகடியிலை நிப்பாட்டுங்கோ.
எவ்வளவு அண்ணை?"

கிலோமீட்டர், வெயிட்டிங், ராத்திரி பேட்டா,
எல்லாம் நாக்கில் வரிசையாக நின்றன.
"நான் டூரிஸ்ட்ம்மா," என்றேன்.
நம்பவில்லை.
"டூரிஸ்ட் பின்னுக்கெல்லோ இருக்கும்?"
கியரடியில் ஓராயிரம் ரூபாய்த் தாளை வைத்து,
பையனைத் தோளில் போட்டு,
கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.
அப்படிச் சாத்தத் தெரிந்த சவாரி
ஆயிரத்தில் ஒன்று.

காலையில் பின் சீட்டில் வெள்ளையாகப் பொடி,
மாவுக்கட்டு உதிர்ந்தது.
துணியால் துடைக்கப் போனேன்,
வாடகைக் கெடு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது, விட்டேன்.
சாவி திருப்பினேன்.
அவள் தன் பாஷையில் சொன்னாள்.

ஓமென்றுவிட்டு வெளிக்கிட்டேன்.